சுவருக்கும் பலகைக்கும் நடுவே

ஏற்காட்டில் சரிவைப் பார்த்த முன்னறையை அரைவட்டமாக வளைத்துக் கட்டிய ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அறையின் விட்டம் 6 மீட்டர். இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே வெற்றுச் சுவர் இருக்கிறது. பிள்ளைகள் எழுதிப் பழக அங்கே 1.2 மீட்டர், அதாவது 4 அடி அகலத்தில் ஒரு வெள்ளைப் பலகை மாட்ட வேண்டும். சேலத்திலிருந்து பலகை வந்து இறங்குகிறது. இருவர் தூக்கிப் பிடித்துச் சுவரில் வைக்கிறார்கள். இரண்டு ஓரங்களும் சுவரைத் தொடுகின்றன. நடுவில் கை நுழையும் அளவுக்கு வெளி. அதே பலகையை வெளித் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய், சுவரின் மறுபுறம் வைத்துப் பார்த்தால் நடு ஒட்டிக்கொள்கிறது, ஓரங்கள் அந்தரத்தில் நிற்கின்றன. ஒரு ஓரத்தை அழுத்தினால் மற்றது எழும்புகிறது.

இந்த இடத்தில் பெரும்பாலும் நடப்பது என்ன என்பது வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும். நீளமான ஸ்க்ரூ ஒன்றை எடுத்து நடுவில் முடுக்குவார்கள். பலகை முனகிக்கொண்டே கொஞ்சம் வளையும். அன்றைக்கு வேலை முடிந்தது போலத் தோன்றும். அடுத்த மழைக்காலத்தில் ஸ்க்ரூ சுவரைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும், அல்லது பலகை விரியும். வளைந்த சுவரையும் தட்டைப் பலகையையும் பலவந்தமாகச் சேர்த்துவைத்தால் இருவரில் ஒருவர் தோற்றுத்தான் ஆக வேண்டும். அந்த இடைவெளியை எதிரியாக நினைக்காமல் ஓர் அளவாக எடுத்துக்கொண்டால் வேலை எளிதாகிவிடுகிறது. எவ்வளவு வெளி, எங்கே வெளி, அது எதற்கு உதவும் என்று கேட்கத் தொடங்கலாம்.

எவ்வளவு என்ற கேள்விக்கு விடை மிகப் பழையது. கி.பி. 499-ஐ ஒட்டி ஆரியபடர் எழுதிய ஆரியபடீயத்தின் கணிதப் பகுதியிலேயே அது இருக்கிறது. ஒரு வட்டத்தில் நாண் ஒன்றை வரையுங்கள். அதன் நடுப்புள்ளி வழியாக விட்டத்தை வரையுங்கள். நாண் அந்த விட்டத்தை ஒரு சின்னத் துண்டாகவும் ஒரு பெரிய துண்டாகவும் வெட்டும். அந்த இரண்டு துண்டுகளையும் பெருக்கினால் கிடைப்பது, பாதி நாணின் வர்க்கம். இவ்வளவுதான் விதி. நம் அறையில் பலகைதான் நாண்; சுவர்தான் வட்டம்; சின்னத் துண்டுதான் நாம் தேடும் வெளி. இந்தியக் கணிதத்தில் அதற்கு அம்பு என்று பெயர்.

பலகையில் பாதி 0.6 மீட்டர். அதன் வர்க்கம் 0.36. விட்டம் 6 மீட்டர். சின்னத் துண்டு போக மிச்சமும் கிட்டத்தட்ட 6 தான். 0.36-ஐ 6-ஆல் வகுத்தால் 0.06. ஆறு சென்டிமீட்டர். கை நுழைந்ததில் வியப்பில்லை.

இந்தக் கணக்கில் என் மனத்தைக் கவர்வது அந்த வர்க்கம்தான். பலகையின் அகலத்தைப் பாதியாக்கி 60 சென்டிமீட்டர் எடுத்தால் வெளி பாதியாகக் குறையாது. கால் பங்காகி ஒன்றரை சென்டிமீட்டரில் நிற்கும். 15 சென்டிமீட்டர் அகலப் பட்டி என்றால் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை; சுவர்ப் பூச்சின் மேடுபள்ளமே அதைவிட அதிகம். எதிர்த் திசையில் போனால், அகலத்தை இரட்டித்து 2.4 மீட்டர் பலகை வைத்தால் வெளி 25 சென்டிமீட்டராகிவிடும். பின்னால் ஒரு பிள்ளையே ஒளிந்துகொள்ளலாம். ஆகவே வட்டச் சுவரில் எதை மாட்டப் போகிறோம் என்பதை அகலம்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். நாட்காட்டிக்கும் சின்னப் படச் சட்டத்துக்கும் வளைவு ஒரு பொருட்டே இல்லை. வெள்ளைப் பலகைக்கும் தொலைக்காட்சிக்கும் அதுதான் முதல் கேள்வி.

அறையின் விட்டம் தெரியாவிட்டால்? அரைவட்ட அறையில் மையம் எங்கே என்று நாடா பிடித்துத் தேட வேண்டியதில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான சட்டத்தைச் சுவரில் கிடைமட்டமாக வைத்து, நடுவில் உள்ள வெளியை அளந்தால் போதும். வெளி 4.2 சென்டிமீட்டர் இருந்தால், பாதி நீளத்தின் வர்க்கம் 0.25-ஐ 0.042-ஆல் வகுத்து, அந்த 0.042-ஐயும் கூட்டிக்கொள்ளுங்கள், விட்டம் 6 மீட்டர் என்று வந்துவிடும். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் செய்முறையில் கோளமானியை ஒரு கண்ணாடி வில்லையின் மேல் வைத்து வளைவாரம் கண்டவர்கள் இதே வேலையைத்தான் செய்தார்கள். அங்கே மூன்று கால்களுக்கு நடுவே ஒரு திருகு இறங்கும். இங்கே சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அளவுகோல். கொத்தனார் கயிறு கட்டி இழுத்த வட்டம் எல்லா உயரத்திலும் ஒன்றாக இருக்காது என்பதால், இடுப்பு உயரம், தோள் உயரம், தலைக்கு மேல் என்று அளந்து பார்ப்பது நல்லது.

இனி அந்தச் சட்டத்தை நிமிர்த்தி, செங்குத்தாகச் சுவரில் வையுங்கள். முழு நீளமும் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. தூக்குக்குண்டு விட்டு எழுப்பிய வட்டச் சுவர் ஓர் உருளையின் துண்டு. அது ஒரு திசையில் மட்டும் வளைந்திருக்கிறது, இன்னொரு திசையில் நேராக நிற்கிறது. வேலையின் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது. சுவரில் பிடிக்கும் கட்டை எதுவானாலும் அது நிமிர்ந்து நிற்கட்டும். கிடைமட்டமாக வைத்த ரீப்பர் சுவரை இரண்டு இடத்தில் மட்டும் தொடும். நிமிர்ந்த ரீப்பர் மேலிருந்து கீழ்வரை தொடும், பாரத்தை நீளம் முழுக்கப் பகிர்ந்துகொள்ளும்.

ஆனால் ரீப்பரின் முதுகு சுவரோடு முழுசாக ஒட்டாது. 1.2 மீட்டர் பலகையின் ஓரத்தில் இருக்கும் சுவர், பலகைக்கு இணையாக இல்லை. பதினொன்றரை பாகை திரும்பியிருக்கிறது. பாதி அகலம் 0.6, ஆரம் 3. அந்த விகிதத்தின் கோணம் அது. இதைக் கவனிக்காமல் பலகை வழியாகவே நேராகத் துளை போட முயன்றால், டிரில்லின் முனை சாய்ந்த சுவரில் வழுக்கிக்கொண்டு ஓடும். துளை கோணலாகும், பிளக் இறுகாது. நல்ல ஆசாரி செய்வது இரண்டு வேலை. முதலில் ரீப்பரின் முதுகை அந்தச் சாய்வுக்கு இழைப்பார். 5 சென்டிமீட்டர் அகல ரீப்பரில் ஒரு விளிம்பு மற்றதைவிட 1 சென்டிமீட்டர் மெலிந்திருக்க வேண்டும். உட்சுவரில் வெளி ஓரம் மெலியும், வெளிச்சுவரில் வெளி ஓரம் தடிக்கும். அந்த ரீப்பரைச் சுவருக்குச் செங்குத்தான ஸ்க்ரூவால் சுவரில் பிடிப்பார். பிறகு பலகையை, பலகைக்குச் செங்குத்தான ஸ்க்ரூவால் ரீப்பரில் பிடிப்பார். இரண்டு ஸ்க்ரூக்களும் ஒரே திசையில் இல்லை, இருக்கவும் கூடாது. சுவரின் வளைவைச் சுவர்ப் பக்கமும் பலகையின் தட்டைத் தன்மையைப் பலகைப் பக்கமும் நிறுத்தி, நடுவில் உள்ள வேற்றுமையை அந்த இழைத்த கட்டை தாங்கிக்கொள்கிறது.

எழுதும் பலகை என்றால் நடுவிலும் ஒரு தாங்கல் வேண்டும். ஓர ரீப்பர்கள் கனமாக இருந்தால் நடுக்கட்டை அவற்றின் கனத்தோடு இன்னொரு 6 சென்டிமீட்டர். பாரத்தைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. 10 கிலோ பலகை சுவரிலிருந்து 6 சென்டிமீட்டர் தள்ளி நின்று, மேல் கீழ் ஸ்க்ரூக்களுக்கு நடுவே 60 சென்டிமீட்டர் இருந்தால், மேல் ஸ்க்ரூக்களைச் சுவரிலிருந்து பிடுங்க முயலும் விசை மொத்தமே ஒரு கிலோ எடைதான்.

பலகையையே வளைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். சில பொருள்களுக்கு அது நல்ல வழி. 3 மில்லிமீட்டர் ஹார்ட்போர்டு நம் சுவரில் சுலபமாகப் படுத்துக்கொள்ளும். 18 மில்லிமீட்டர் பிளைவுட் அப்படிப் படுக்காது. வளைப்பதற்கான விசை கனத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. கனம் 6 மடங்கானால் விசை 216 மடங்கு. நடுவில் முடுக்கிய அந்த நீள ஸ்க்ரூ தாங்கிக்கொண்டிருப்பது பலகையின் எடையை மட்டும் இல்லை, நிமிர்ந்துகொள்ளத் துடிக்கும் பலகையின் இந்த விசையையும்தான். இரவும் பகலும் இழுக்கும் விசை அது. நிலைக்கண்ணாடியாக இருந்தால் பேச்சே இல்லை: 5 மில்லிமீட்டர் கண்ணாடியை 3 மீட்டர் ஆரத்துக்கு வளைத்தால், சாதாரணக் கண்ணாடி தாங்கும் எல்லையைக் கடந்துவிடும். கண்ணாடியை வட்டச் சுவரில் ஒருபோதும் முடுக்கி ஒட்டவைக்க முயல வேண்டாம்.

மலையில் இந்த வேலைக்கு இரண்டு கூடுதல் சிக்கல்கள் உண்டு. கல் ஒன்று, பனிமூட்டம் இன்னொன்று.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பாறை சார்னோகைட். பெயரை வைத்தவர் புவியியல் ஆய்வாளர் தாமஸ் ஹாலந்து, 1893-இல். கொல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், நம் பல்லாவரம் பக்கத்துப் பாறை வகையைச் சேர்ந்தது என்பதால் வந்த பெயர். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறை அது. குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் பைராக்சீனும் சேர்ந்தது. குவார்ட்ஸ் சாதாரண எஃகைக் கீறிவிடும். இந்தக் கல்லைச் சுண்ணாம்புக் காரையில் அடுக்கிக் கட்டிய பழைய சுவர்களில் டிரில் விட்டால், பூச்சைத் தாண்டியதும் முனை இரண்டில் ஒன்றைச் சந்திக்கும். கல்லைச் சந்தித்தால் கார்பைடு முனையும் சுத்தியல் டிரில்லும் பொறுமையும் வேண்டும். காரை இணைப்பைச் சந்தித்தால் துளை சட்டென்று விழுந்துவிடும். ஆனால் அங்கே பிளக் நிற்காது. கல்லின் விளிம்பில் பட்டால் முனை காரைப் பக்கம் சறுக்கும். துளைகளைக் காகிதத்தில் முன்கூட்டியே குறித்துக்கொண்டு, அதே இடத்தில்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் இத்தகைய சுவரில் தோல்விதான். நிமிர்ந்த ரீப்பர் இங்கேயும் கை கொடுக்கிறது. அதன் நீளத்தில் எங்கே நல்ல கல் கிடைக்கிறதோ அங்கே பிடித்துக்கொள்ளலாம். பலகையின் ஸ்க்ரூக்களுக்கும் சுவரின் துளைகளுக்கும் சம்பந்தமே இல்லை.

பனிமூட்டம் இன்னும் நுட்பமானது. சேலம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டர்; ஏற்காடு சுமார் 1500 மீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே வருவதற்குள் காற்று ஏறத்தாழ 8 பாகை குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்த காற்றால் அதே ஈரத்தைத் தாங்க முடியாது. சேலத்தில் 30 பாகையில் 60 விழுக்காடு ஈரப்பதத்தோடு இருந்த காற்று, மேலே வந்து 22 பாகையானதும் 80 விழுக்காட்டைத் தாண்டிவிடும். மரம் எப்போதும் சுற்றியுள்ள காற்றோடு ஒத்துப்போகப் பார்க்கும். 60 விழுக்காடு ஈரப்பதத்தில் அதன் எடையில் நூற்றுக்குச் சுமார் 11 பங்கு தண்ணீர் என்றால், 80-ஐத் தாண்டும்போது 16, 17 பங்கு. அந்தத் தண்ணீர் நார்களின் சுவருக்குள் புகுந்து அவற்றை அகலப்படுத்துகிறது. நீளவாட்டில் மரம் நீள்வது அற்பம், குறுக்குவாட்டில்தான் வீக்கம். 60 சென்டிமீட்டர் அகலத் தேக்குப் பலகை, வளையங்களின் தொடுகோட்டுத் திசையில் அறுத்ததாக இருந்தால், சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வந்து பழகுவதற்குள் சுமார் 7 மில்லிமீட்டர் அகலமாகிவிடும். நான்கு மூலையிலும் இறுக்கி முடுக்கிய பலகைக்கு அந்த 7 மில்லிமீட்டர் போக இடமில்லை. ஆகவே நடு ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு, ஓரத் துளைகளை நீள்வட்டமாக்கி, வாஷர் வைத்து, சற்றே தளரவிட வேண்டும். அதற்கும் முன்னால், பலகையை வாங்கி வந்தவுடன் மாட்டாமல், இரண்டு மூன்று வாரம் அந்த அறையிலேயே காற்றுப்படும்படி வைத்திருப்பது நல்லது.

வீக்கம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் பலகை அகலமாவதோடு சரி. ஒன்றாக இல்லாவிட்டால் பலகையே வளைந்துவிடும். கடையில் வாங்கும் வெள்ளைப் பலகைகள் பலவற்றில் முன்பக்கம் வழவழப்பான தகடு, பின்பக்கம் திறந்த மரத்தூள் அட்டை. மலைச் சுவரின் குளிர்ந்த முகத்தைப் பார்த்திருக்கும் பின்பக்கம் ஈரத்தைக் குடிக்கும், முன்பக்கம் குடிக்காது. பின்பக்கம் முன்பக்கத்தைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் அதிகமாக வீங்கினால் என்ன ஆகும்? 18 மில்லிமீட்டர் கனத்தில் அந்த வேற்றுமை, பலகையை 18 மீட்டர் ஆரமுள்ள வளைவாக மாற்றிவிடும். இப்போது மறுபடியும் ஆரியபடரின் விதி: 0.36-ஐ 36 மீட்டர் விட்டத்தால் வகுத்தால் ஒரு சென்டிமீட்டர். சுவரின் வளைவைக் கண்டுபிடித்த அதே கணக்கு, பலகைக்குள் பனி உண்டாக்கும் வளைவையும் சொல்லிவிடுகிறது. மாட்டும் நாளில் தட்டையாக இருந்த பலகை ஆடி மாதத்தில் அப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

முழு மரப்பலகைக்கு இந்த வளைவு பிறவியிலேயே உண்டு. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்களைப் பாருங்கள். மிளகுக் கொடி ஏறிய அந்த உருண்டை மரத்திலிருந்துதான் தட்டையான பலகையை அறுத்தெடுக்கிறோம். பலகையின் ஒரு முகம் பட்டையைப் பார்த்தது, மறுமுகம் மரத்தின் நடுவைப் பார்த்தது. வளையங்களின் திசையில் மரம் அதிகம் வீங்கும், நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் அதில் ஏறத்தாழ பாதிதான். இதனால் காய்ந்த பலகை ஈரம் குடித்தால் பட்டைப் பக்கம் புடைக்கும். உலர்ந்தால் எதிர்மாறு. ஆசாரிகள் பலகையின் தலைப்பில் தெரியும் வளையங்களைப் பார்த்த பிறகே எந்த முகம் வெளியே என்று முடிவு செய்வது இதனால்தான். நாரோட்டம் செங்குத்தாக இருக்கும் பலகையை வட்டச் சுவரில் மாட்டும்போது ஓர் எளிய முறை உண்டு: புடைக்கும் பலகைக்கு வெளி இருக்கும் பக்கம் வழி விடுங்கள். உட்சுவரில் வெளி நடுவில் இருக்கிறது. பட்டைப் பக்கம் சுவரைப் பார்க்கட்டும், நடுப்பகுதி பின்னால் போக இடமிருக்கிறது. வெளிச்சுவரில் வெளி ஓரங்களில் இருக்கிறது. அங்கே பட்டைப் பக்கம் நம்மைப் பார்க்கட்டும், ஓரங்கள் சுவர்ப் பக்கம் சாய்ந்துகொள்ளும். தட்டைச் சுவரில் மாட்டிய பலகைக்கு இந்த வசதி கிடையாது.

அந்த வெளிக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. பலகையின் மேலும் கீழும் திறந்திருந்தால் காற்று பின்னால் ஏறி இறங்கும், சுவரும் பலகையின் முதுகும் உலரும். அட்டையாலும் நுரையாலும் வெளியை அடைத்துவிட்டால் ஈரம் உள்ளே சிக்கிப் பூஞ்சணம் பிடிக்கும். மலைவீடுகளில் பீரோவைச் சுவரோடு ஒட்டிவைக்காதவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வட்டச் சுவரோடு குடியிருந்தவர்களின் வரலாறு தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. சென்னைக் கடற்கரையில் 1842-இல் அமெரிக்காவின் டியூடர் நிறுவனம் பனிக்கட்டி சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ், பிறகு பிலிகிரி ஐயங்கார் கைக்கு வந்து, ஜன்னல்கள் வைத்த வளைந்த தாழ்வாரங்களோடு வீடானது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கேதான் தங்கினார். இன்று விவேகானந்தர் இல்லமாக, கண்காட்சியோடு நிற்கிறது. திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இன்னும் துணிந்து வளைத்தார். சுற்றளவு ஒன்றாக இருந்தால் சதுரத்தைவிட வட்டம் 27 விழுக்காடு அதிக இடத்தை வளைத்துக்கொள்ளும், செங்கல் மிச்சம். வளைந்த சுவர் தானாகவே உறுதியாக நிற்கும் என்பதால் அரைச்செங்கல் கனமே பல இடத்தில் போதும். அப்படியானால் மேசை நாற்காலிகளை என்ன செய்வது? தம்பானூரில் அவர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸில் அதற்கு விடை இருக்கிறது. நடுவே ஓர் உருளை, அதைச் சுற்றி ஏறிக்கொண்டே போகும் சரிவுத் தளம், வெளிச்சுவரை ஒட்டி மேசைகளும் இருக்கைகளும். அவற்றை வாங்கிப் போடவில்லை. சுவரோடு சேர்த்தே கட்டினார். தளம் சாய்ந்திருக்கிறது, மேசை மட்டமாக இருக்கிறது. வளைவுக்கும் தட்டைக்கும் உள்ள வேற்றுமையைக் காரையே நிரப்பிவிட்டது. புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதுதான்: வட்ட அறை வேண்டும் என்றால் பலகை எங்கே வரும் என்பதையும் அன்றைக்கே முடிவு செய்யுங்கள், அந்த இடத்தில் ஒன்றரை மீட்டர் சுவரைத் தட்டையாக எடுக்கக் கொத்தனாருக்குச் சிரமமே இல்லை.

கட்டி முடிந்த சுவரில் முழு அகலத்தையும் மூடியே ஆக வேண்டும் என்றால், வர்க்கக் கணக்கை நமக்குச் சாதகமாகத் திருப்பலாம். 1.2 மீட்டர் பலகைக்குப் பதில் 15 சென்டிமீட்டர் பட்டிகள் எட்டு, நிமிர்த்தி, பக்கத்தில் பக்கமாக. 60 மில்லிமீட்டராக இருந்த வெளி ஒரு மில்லிமீட்டருக்குள் வந்துவிடும். எட்டின் வர்க்கம் 64, வெளியும் 64-இல் ஒரு பங்கு. பட்டிகளுக்கு நடுவே இரண்டு மில்லிமீட்டர் விட்டால் ஈரத்தில் வீங்குவதற்கும் இடம் கிடைக்கும். ஒவ்வொரு பட்டியும் தட்டை. எல்லாம் சேர்ந்து வட்டம்.

உருளைச் சுவரில்தான் இது இவ்வளவு சுலபம். இதே மலை பல ஆண்டுகள் மேட்டூர் மால்கோ ஆலைக்கு பாக்சைட் கொடுத்தது. அதிலிருந்து வரும் அலுமினியத்தின் மெல்லிய தகடு ஒன்றை எடுத்து உருளைச் சுவரில் சுற்றினால், இழுபடாமல், சுருங்காமல், ஒட்டிப் படுக்கும். அதையே குவிமாடத்தின் மேல் படுக்கவைக்க முடியாது. எங்காவது மடியும் அல்லது கிழியும். 1827-இல் கார்ல் ஃபிரீட்ரிக் காஸ் இதற்குக் காரணம் சொன்னார். ஒரு பரப்பில் ஒரு புள்ளியில் எந்தத் திசையில் வளைவு மிக அதிகம், எந்தத் திசையில் மிகக் குறைவு என்று பார்த்து இரண்டையும் பெருக்க வேண்டும். உருளையில் ஒரு திசை நேர். ஆகவே பெருக்கல் சுழி. தட்டைக்கும் சுழி. கோளத்தில் எந்தத் திசையும் நேர் இல்லை, பெருக்கல் சுழியாகாது. நீட்டாமல் சுருக்காமல் என்ன வளைத்தாலும் இந்தப் பெருக்கல் மாறாது என்று காஸ் நிரூபித்தார். ஏற்காட்டு ஆரஞ்சு ஒன்றை உரித்துத் தோலை மேசையில் அழுத்திப் பாருங்கள், அது ஓரங்களில் கிழிந்தே தீரும். காஸின் தேற்றம் விரலில் தெரியும்.

நாம் நிற்கும் பூமி அந்த ஆரஞ்சின் வகை. காஸ் அந்தத் தேற்றத்தை வெளியிடுவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, இந்தச் சிக்கலைத் தமிழ் மண்ணில் கையில் எடுத்தவர் வில்லியம் லாம்டன். 1802-இல் பரங்கிமலைக்கு அருகே 100 அடி எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல், அதாவது ஏறத்தாழ 12 கிலோமீட்டர் அடிக்கோடு ஒன்றை அளந்து இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அந்த 12 கிலோமீட்டரை ஒரு தட்டைப் பலகையாக நினைத்துப் பூமியில் பதித்துப் பார்ப்போம். பாதி 6 கிலோமீட்டர், வர்க்கம் 36. பூமியின் விட்டம் சுமார் 12,742 கிலோமீட்டர். வகுத்தால் 2.8 மீட்டர். பலகையின் நடு, தரைக்குக் கீழே கிட்டத்தட்ட இரண்டு ஆள் ஆழத்தில் போய்விடும். லாம்டனும் அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்டும் குன்றுக்குக் குன்று வரைந்த பெரிய முக்கோணங்களின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 பாகையைச் சற்றே தாண்டும். ஏறத்தாழ 200 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விகலை வீதம் கூடும். தாளில் வரைவதற்கு முன் அதைக் கழித்தாக வேண்டும்.

சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1623 மீட்டர். வானம் கழுவிவிட்டது போல் தெளிந்த ஒரு நாளில் அங்கிருந்து எவ்வளவு தூரம் தெரியும் என்பதற்கும் அதே விட்டம்தான் விடை சொல்கிறது: 1.623-ஐ 12,742-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 144 கிலோமீட்டர் வருகிறது. அதற்கு அப்பாலுள்ள சமவெளியைப் பூமியின் வளைவே மறைத்துவிடுகிறது.

இவ்வளவு வளைந்த பூமியை இந்திய நில அளவைத் துறை எப்படித் தாளில் ஒட்டியது? பட்டிகளாக வெட்டித்தான். 1:50,000 அளவு வரைபடத் தாள் ஒன்று 15 கலை அட்சமும் 15 கலை தீர்க்கமும் கொண்டது. ஏற்காட்டின் அட்சத்தில் பக்கத்துக்கு 27 கிலோமீட்டர் சொச்சம். அவ்வளவு தூரத்தை வளைவின் மேல் நடந்து அளப்பதற்கும், ஊடே நேராகத் துளைத்து அளப்பதற்கும் உள்ள வேற்றுமை 2 சென்டிமீட்டர்தான். தாளில் அது அரை மைக்ரோமீட்டருக்கும் குறைவு. எந்தப் பேனாவின் கோடும் அவ்வளவு மெல்லியது இல்லை.